ஹெபடைடிஸ் பி ரிப்போர்ட்டைப் புரிஞ்சுக்கறது எப்படி: ரத்தம் குடுக்கறவங்களுக்கும் ஏத்திக்கறவங்களுக்கும்

ரத்த தானம் பண்ணிட்டு வந்த கொஞ்ச நாள்ல பிளட் பேங்க்ல இருந்து போன் வந்து, "ஒரு டெஸ்ட் ரியாக்டிவ்னு காட்டுது, நேர்ல ஒரு தடவ வந்துட்டுப் போங்க"ன்னு சொன்னா யாருக்கா இருந்தாலும் கையும் ஓடாது காலும் ஓடாது. அதே மாதிரி வீட்ல ஒருத்தருக்கு ஆபரேஷன், ரத்தம் ஏத்த வேண்டியிருக்கும்னு டாக்டர் சொல்லும்போது "அந்த ரத்தத்துல ஏதாவது இருந்துட்டா?"ன்னு உள்ளுக்குள்ள ஒரு பயம், வாய் விட்டுக் கேக்கவும் தயக்கம். இந்த ரெண்டு பயத்தோட நூலும் ஒரே இடத்துலதான் கட்டியிருக்கு, ரிப்போர்ட்ல ஹெச்பிஎஸ்ஏஜின்னு (HBsAg) போட்டிருக்குமே அந்த மார்க்கர்ல, அதாவது கல்லீரலைத் தாக்கற ஹெபடைடிஸ் பி வைரஸோட அடையாளத்துல. அது எப்படிக் கெடச்சுது, எதைச் சொல்லும், எதைச் சொல்லாதுன்னு தெரிஞ்சா ரிப்போர்ட்டைப் பாத்ததும் வர்ற பதட்டம் பாதி கொறஞ்சிரும், அடுத்து என்ன பண்ணணும்னும் புரியும். அதனால கொஞ்சம் பழசுல இருந்தே ஆரம்பிக்கிறேன், அவசரமா இருக்கறவங்க நேரா ரிப்போர்ட் படிக்கற பகுதிக்குப் போயிடலாம், ஆனா திரும்பி வந்து இதையும் படிங்க.

மொதல்ல அந்த மார்க்கர் என்னன்னு தெரிஞ்சுக்கோங்க

ரத்தம் வழியா காமாலை பரவும்ங்கறது ரொம்ப நாளாவே டாக்டர்களுக்குத் தெரியும். 1942ல அமெரிக்க ராணுவத்துல மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்டாங்க, அந்த மருந்து கெட்டுப்போகாம இருக்க மனுஷ செரம் (ரத்தம் உறைஞ்சதும் பிரியற தெளிவான திரவம்) கலந்திருந்தாங்க, அதுல ஏறக்குறைய 50,000 பேருக்கு காமாலை வந்துச்சு. செரத்துல என்னவோ இருக்குன்னு புரிஞ்சுது, ஆனா அது என்னன்னு காட்ட ஒரு டெஸ்ட் கெடையாது. பாக்டீரியா மாதிரி தட்டுல வளர்த்துப் பாக்கவும் முடியல, சாதா மைக்ராஸ்கோப்ல தெரியவும் தெரியாது. டோனரோ ஆரோக்கியமா நடந்து வந்து உக்காருவாரு, "முன்னாடி எப்பவாவது காமாலை வந்திருக்கா?"ன்னு கேப்பாங்க, இல்லன்னு சொன்னா ரத்தத்தை எடுத்துப்பாங்க, அவ்வளவுதான் பாதுகாப்பு. அமெரிக்காவுல அப்போ காசுக்கு ரத்தம் விக்கறதும் சகஜம். 1960கள்ல அந்த நாட்டு தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்துல இதய ஆபரேஷன் ஆகி நெறைய ரத்தம் ஏத்திக்கிட்டவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு ஹெபடைடிஸ், அதாவது கல்லீரல் வீக்கம் வந்துச்சு. மூணுல ஒருத்தர்னா யோசிச்சுப் பாருங்க, இதயத்தை சரி பண்ணி கல்லீரலைக் கெடுத்து வீட்டுக்கு அனுப்பின மாதிரிதான.

இதுக்கு விடை ஹெபடைடிஸைத் தேடினவங்ககிட்ட இருந்து வரல. பரூக் பிளம்பெர்க்னு ஒரு டாக்டர், மனுஷங்களுக்குள்ள ரத்தப் புரதம் எப்படி எப்படி மாறுபடுதுன்னு ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தாரு. அவரோட யோசனை எளிமையானது. பல தடவ ரத்தம் ஏத்திக்கிட்ட ஒருத்தரோட உடம்பு, தன்கிட்ட இல்லாத அடுத்தவங்க புரதத்தைப் பாத்து அதுக்கு எதிரா ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) உண்டாக்கியிருக்கும். அப்போ அந்த ஆளோட செரத்தை எடுத்து உலகத்துல பல பகுதி மக்களோட செரத்தோட சேத்துப் பாத்தா, யாருக்குள்ள என்ன வித்தியாசம் ஒளிஞ்சிருக்குன்னு தெரிஞ்சிரும். ஹீமோபிலியா, அதாவது ரத்தம் சரியா உறையாத நோய் இருக்கறவங்க அடிக்கடி ரத்தம் ஏத்திக்கறவங்க, அதனால அவங்க செரத்தைத்தான் ரொம்ப நம்பினாரு.

டெஸ்ட் எப்படின்னா, கண்ணாடித் தகட்டுல அகார் ஜெல்லை மெலிசா ஊத்தி ஆற வைக்கணும். நடுவுல ஒரு சின்ன குழி, சுத்தி இன்னும் சில குழி. நடுக்குழியில ஹீமோபிலியா நோயாளியோட செரம், சுத்தி இருக்கற ஒவ்வொரு குழியிலயும் வேற வேற ஆளோட செரம். அப்படியே விட்டுட்டா ரெண்டு பக்கமும் செரம் ஜெல்லுக்குள்ள மெல்ல ஊறி எதிரெதிரா வரும், ஆன்டிபாடியும் அதுக்குப் பொருத்தமான புரதமும் சந்திச்சா அந்த எடத்துல ரெண்டும் ஒட்டிக்கிட்டு மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு படியும். பொருத்தம் இல்லன்னா ஜெல் தெளிவாவே இருக்கும். 1963ல பிளம்பெர்க்கும், அமெரிக்க தேசிய சுகாதார ஆய்வு நிறுவனத்தோட பிளட் பேங்க்ல இருந்த ஹார்வி ஆல்ட்டரும் இப்படிப் பாக்கும்போது நியூயார்க்ல இருந்து வந்த ஒரு ஹீமோபிலியா நோயாளியோட செரம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருத்தரோட செரத்துக்கு எதிர்ல ஒரு கோடு போட்டுச்சு. அவங்க அதுவரைக்கும் பாத்த கோடெல்லாம் கொழுப்பு கலந்த புரதத்தோடது, கொழுப்புக்கான சாயத்தை நல்லா பிடிக்கும். இது அந்த சாயத்தைச் சரியாப் பிடிக்கல, புரதத்துக்கான சாயம் போட்டா சிவப்பா வந்துச்சு. அப்போ இது புதுசு. ஆஸ்திரேலியா ஆன்டிஜென்னு பேர் வச்சாங்க (ஆன்டிஜென்னா ஆன்டிபாடி போய் ஒட்டிக்கற பொருள்), 1965ல கட்டுரையும் போட்டாங்க, அதுல ஹெபடைடிஸுக்குன்னு டெஸ்ட் கெடச்சிருச்சுன்னு ஒரு வார்த்தை கெடையாது, அவங்களுக்கே அப்போ தெரியாது.

அமெரிக்காவுல ஆரோக்கியமா இருக்கறவங்கள்ல ஆயிரத்துல ஒருத்தருக்குத்தான் இது இருந்துச்சு, ஆனா லுக்கீமியா (ரத்தப் புற்றுநோய்) நோயாளிங்ககிட்ட அடிக்கடி தென்பட்டுச்சு. சரி, லுக்கீமியா வர்ற பரம்பரைத் தன்மையோட அடையாளமா இருக்குமோன்னு நெனச்சாங்க. டவுன் சிண்ட்ரோம் இருக்கறவங்களுக்கு லுக்கீமியா வாய்ப்பு ஜாஸ்திங்கறதால அவங்களைப் பாத்தாங்க, பெரிய விடுதிகள்ல இருந்தவங்கள்ல ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு இருந்துச்சு. ஆனா பொறந்த கொழந்தைங்ககிட்ட இல்ல. பரம்பரையா வர்றதுன்னா பொறக்கும்போதே இருக்கணுமே. இந்த சமயத்துலதான், முன்னாடி டெஸ்ட்ல இல்லன்னு வந்த ஒரு நோயாளிக்கு அடுத்த டெஸ்ட்ல இருக்குன்னு வந்துச்சு. இத லேப்ல ஏதோ மாத்தி எழுதிட்டாங்கன்னு தூக்கிப் போடறது ரொம்ப சுலபம், அவங்க போடல, அந்த ஆளைக் கூப்பிட்டு முழுசா பரிசோதனை பண்ணாங்க, ரெண்டு டெஸ்ட்டுக்கும் நடுவுல அவருக்கு ஹெபடைடிஸ் வந்திருக்குன்னு தெரிஞ்சுது. என்னைக் கேட்டா மொத்த கதையிலயும் நின்னு பாக்க வேண்டிய எடம் இதுதான். அதுக்கப்புறம் 1967ல பிலடெல்பியாவுல பிளம்பெர்க்கோட லேப்லயே வேலை பாத்த டெக்னீஷியன் ஒருத்தங்களுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு, அவங்க தன்னோட ரத்தத்தையே எடுத்து ஜெல்லுல வச்சுப் பாத்தாங்க, மங்கலா ஒரு கோடு தெரிஞ்சுது, பின்னாடி காமாலையும் வந்துச்சு. ஆஸ்திரேலியா ஆன்டிஜெனை வச்சு வைரல் ஹெபடைடிஸைக் கண்டுபிடிச்ச மொத ஆளு அவங்கதான், அதுவும் தனக்கே.

1968ல நியூயார்க்ல ஆல்பிரட் பிரின்ஸும், டோக்கியோவுல கசுவோ ஒக்கோச்சியும் தனித்தனியா இதையே உறுதி பண்ணாங்க. முக்கியமா ஒக்கோச்சி, இந்த ஆன்டிஜென் இருக்கற ரத்தத்தை ஏத்தினா வாங்கினவங்களுக்கு ஹெபடைடிஸ் வருதுன்னு காட்டினாரு. 1970ல லண்டன்ல டேவிட் டேன் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல முழு வைரஸையே பாத்துட்டாரு, 42 நானோமீட்டர் அளவு. ஆஸ்திரேலியா ஆன்டிஜெங்கறது அந்த வைரஸோட மேல் உறைப் புரதம்னு தெளிவாச்சு. இன்னைக்கு ரிப்போர்ட்ல வர்ற ஹெச்பிஎஸ்ஏஜி அதேதான்.

இங்க ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கோங்க, பின்னாடி ரிப்போர்ட் படிக்க உதவும். தொற்று இருக்கற கல்லீரல், வைரஸுக்குத் தேவையானதை விட எக்கச்சக்கமா இந்த உறையைத் தயார் பண்ணி ரத்தத்துல விடுது, ஒரு ஆளுக்கு ஆயிரக்கணக்குல சட்டை தச்சு வெளிய போட்ட மாதிரி. அந்த வெறும் உறைங்க 22 நானோமீட்டர்தான், உள்ள டிஎன்ஏ கெடையாது, தனியா நோயைத் தராது. ஆனா அவ்வளவு ஏராளமா இருக்கறதாலதான் அந்தக் காலத்து ஜெல் டெஸ்ட்லயே கண்ணுக்குத் தெரியற கோடா விழுந்துச்சு. வைரஸை வளர்க்காம, பாக்காம, அதோட சட்டையை வச்சே ஆளைப் பிடிக்க முடிஞ்சுது.

பிளட் பேங்க்ல பையை எப்படி சோதிக்கிறாங்க

1972 வாக்குல அமெரிக்காவுல தானமா வர்ற எல்லா ரத்தத்தையும் இந்த மார்க்கருக்கு சோதிக்கணும்னு கட்டாயம் ஆச்சு, மத்த நாடுகளும் வரிசையா வந்தாங்க. அந்த காலகட்டத்துலயே காசுக்கு ரத்தம் வாங்கறதை விட்டுட்டு தானா முன்வந்து குடுக்கறவங்ககிட்ட மட்டும் வாங்க ஆரம்பிச்சாங்க. இந்த ரெண்டும் சேந்து, முன்ன சொன்ன மூணுல ஒருத்தர்ங்கற கணக்கு பத்துல ஒருத்தர் அளவுக்கு எறங்குச்சு. எல்லாப் பெருமையும் டெஸ்ட்டுக்கே போகக் கூடாது, ஏன்னா மொத ஜெல் டெஸ்ட் நெறைய பேரைத் தவற விட்டுச்சு, டோனர் யாருங்கறதை மாத்தினதுதான் பெரிய எறக்கத்தைக் குடுத்துச்சு. ரெண்டுல ஒண்ணு மட்டும் போதாதுங்கறது இன்னைக்கும் அப்படியே செல்லும்.

மிச்சம் இருந்த அந்த பத்துல ஒருத்தர் எதனாலன்னு தோண்டினப்போ பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ-யும் இல்ல பி-யும் இல்லன்னு 1975ல தெரிஞ்சுது, அதுக்குப் பேர் வைக்க 1989 வரைக்கும் ஆச்சு, அதுதான் ஹெபடைடிஸ் சி. பி-யை ரத்தத்துல இருந்து விலக்கினதாலதான் சி ஒளிஞ்சிருந்தது வெளிய தெரிஞ்சுது. பிளம்பெர்க்குக்கு 1976லயும், அந்தக் கோட்டைப் பாக்கும்போது கூட இருந்த ஆல்ட்டருக்கு ஹெபடைடிஸ் சி வேலைக்காக 2020லயும் நோபல் கெடச்சுது.

இப்போ நடைமுறைக்கு வருவோம். நீங்க ரத்தம் குடுக்கும்போது பையோட சேத்து சின்ன டியூப்லயும் தனியா கொஞ்சம் எடுப்பாங்க, கவனிச்சிருப்பீங்க. டெஸ்ட் எல்லாம் அந்த டியூப்லதான், பை தனியா வைக்கப்பட்டு ரிசல்ட் வர்ற வரைக்கும் வெளிய போகாது. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ் இந்த நாலையும் எல்லாப் பையிலயும் பாக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஹெபடைடிஸ் பி-க்கு ஜெல்லெல்லாம் இப்போ இல்ல, எலிசா இல்லன்னா அதுக்கு அடுத்த தலைமுறை மெஷின். பிளாஸ்டிக் குழியோட அடியில ஆன்டிபாடி ஒட்டி வச்சிருப்பாங்க, உங்க செரத்தை ஊத்தினா அதுல ஹெச்பிஎஸ்ஏஜி இருந்தா போய் ஒட்டிக்கும், கழுவி விட்டுட்டு என்சைம் கோத்த இன்னொரு ஆன்டிபாடியை ஊத்துவாங்க, அது மேல ஒட்டும், மறுபடி கழுவி, நிறம் வரவைக்கற திரவத்தை விட்டா ஆன்டிஜென் இருக்கற குழி மட்டும் நிறம் மாறும். எவ்வளவு நிறம்னு மெஷின் நம்பரா சொல்லும், அந்த நம்பர் ஒரு எல்லைக் கோட்டைத் தாண்டினா ரியாக்டிவ். பல எடத்துல இதோட நாட் டெஸ்ட்டும் பண்றாங்க, அது வைரஸோட டிஎன்ஏவையே தேடும்.

மொத தடவ ரியாக்டிவ் வந்தா அதே சாம்பிளை மறுபடி ரெண்டு குழியில வச்சுப் பாக்கறது வழக்கம். திரும்பவும் வந்தா பையை அழிச்சிருவாங்க, அது உண்மையான தொற்றா இல்லையான்னு முடிவு தெரியறதுக்கு முன்னாடியே. ஒரு பையை வீணாக்கினாலும் பரவால்ல, ஒரு கெட்ட பை போயிடக் கூடாதுங்கறதுதான் கணக்கு, அது சரியான கணக்கு.

ரியாக்டிவ்னு வந்தா உடனே பாசிட்டிவ்னு நெனச்சுக்காதீங்க

இதை நான் எத்தனை பேருக்கு சொன்னாலும் அலுக்காது. ரியாக்டிவ்ங்கறது ஸ்கிரீனிங் மெஷினோட பதில், உங்க நோயோட பேர் கெடையாது. ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு லட்சம் டோனர், அதுல நெஜமாவே தொற்று இருக்கறவங்க 100 பேர்னு வச்சுக்குவோம். டெஸ்ட் அந்த 100 பேரையும் பிடிச்சிருது, தொற்று இல்லாதவங்கள்ல ஆயிரத்துல ஒருத்தரை மட்டும் தப்பா ரியாக்டிவ்னு காட்டுது, அதாவது ரொம்ப நல்ல டெஸ்ட். அப்பவும் மீதி 99,900 பேர்ல 100 பேர் தப்பா மாட்டுவாங்க. மொத்தம் 200 பேருக்கு போன் போகுது, அதுல பாதிப் பேருக்கு ஒண்ணுமே இல்ல. தொற்று அரிதா இருக்கற எடத்துல இந்தத் தப்பு விகிதம் இன்னும் ஏறும்.

அதனால கேக்க வேண்டிய மொத கேள்வி, "உறுதிப்படுத்தற டெஸ்ட் பண்ணீங்களா?". அதுல ஒரு வழி நியூட்ரலைசேஷன். உங்க செரத்துல வெளிய இருந்து ஹெச்பிஎஸ்ஏஜிக்கான ஆன்டிபாடியைக் கலந்துட்டு மறுபடி டெஸ்ட் ஓட்டுவாங்க. உண்மையான ஆன்டிஜெனா இருந்தா அந்த ஆன்டிபாடி அதைக் கட்டிப் போட்டுரும், சிக்னல் பாதிக்கும் கீழ விழும். விழலன்னா மெஷின் பாத்தது வேற எதையோ.

இன்னொண்ணு, சமீபத்துல ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டீங்களான்னு யோசிங்க. ஊசியில இருக்கறதே ஹெச்பிஎஸ்ஏஜிதான், பிளம்பெர்க்கும் இர்விங் மில்மனும் 1969லயே போட்ட யோசனை, அந்த 22 நானோமீட்டர் வெறும் உறையைப் பிரிச்சு எடுத்துத் தடுப்பூசியாக்கறது, அது 1981ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு, 1986ல இருந்து ரத்தத்தை விட்டுட்டு ஈஸ்ட்ல தயார் பண்றாங்க. அதனால ஊசி போட்ட கொஞ்ச நாளைக்கு, சில பேருக்கு 18 நாள் வரைக்கும் கூட, டெஸ்ட்ல ஹெச்பிஎஸ்ஏஜி தெரியலாம். ஊசி போட்டுட்டு உடனே ரத்தம் குடுக்கப் போகாதீங்க, போனா தேதியைச் சொல்லிருங்க.

ரிப்போர்ட்ல மூணு வரியையும் சேத்துப் படிங்க

ஹெச்பிஎஸ்ஏஜி மட்டும் பாத்துட்டு முடிவுக்கு வராதீங்க. கூடவே ரெண்டு வரி வேணும்: ஆன்டி-ஹெச்பிஎஸ், அதாவது மேல் உறைக்கு எதிரான ஆன்டிபாடி, இது இருந்தா பாதுகாப்பு. ஆன்டி-ஹெச்பிசி, இது வைரஸோட உள் கூட்டுக்கு எதிரானது, நெஜ வைரஸ் உடம்புக்குள்ள வந்திருந்தா மட்டும்தான் வரும். தடுப்பூசியில உள் கூடு கெடையாது, அதனால ஊசியால ஆன்டி-ஹெச்பிசி வரவே வராது. இந்த ஒரு வித்தியாசம் மனசுல பதிஞ்சுட்டா மீதி எல்லாம் தானா வரும்.

மூணும் நெகட்டிவ்னா தொற்றும் இல்ல பாதுகாப்பும் இல்ல, போய் ஊசி போட்டுக்கோங்க, வழக்கமா மூணு தவணை, மொத ஊசி, ஒரு மாசம் கழிச்சு, ஆறாவது மாசம். ஆன்டி-ஹெச்பிஎஸ் மட்டும் இருந்தா தடுப்பூசி வேலை செஞ்சிருக்கு, அளவு 10ம் அதுக்கு மேலயும்னா போதும்னு எடுத்துப்பாங்க. ஆன்டி-ஹெச்பிஎஸ்ஸும் ஆன்டி-ஹெச்பிசியும் இருந்து ஹெச்பிஎஸ்ஏஜி இல்லன்னா, எப்பவோ தொற்று வந்து உங்களுக்கே தெரியாம சரியாகியிருக்கு. நல்ல செய்திதான், ஆனா வைரஸோட சின்ன மிச்சம் கல்லீரல்ல தங்கியிருக்கும், பின்னாடி கேன்சருக்கு கீமோவோ எதிர்ப்பு சக்தியை அடக்கற மருந்தோ எடுக்க நேர்ந்தா மறுபடி தலை தூக்கலாம், அதனால அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமா வச்சு அந்த டாக்டர்கிட்ட காட்டணும். நெறைய பேர் இதை சொல்லாம விட்டுடறாங்க.

ஆன்டி-ஹெச்பிசி மட்டும் தனியா பாசிட்டிவ்னா அது குழப்பமான ரிப்போர்ட். பழைய தொற்று சரியாகி ஆன்டி-ஹெச்பிஎஸ் தேஞ்சு போயிருக்கலாம், டெஸ்ட் தப்பா காட்டியிருக்கலாம், ஹெச்பிஎஸ்ஏஜி கண்ணுக்குத் தெரியாத அளவு கம்மியா இருந்து வைரஸ் உள்ள இருக்கலாம், இல்ல புதுத் தொற்றுல ஹெச்பிஎஸ்ஏஜி மறைஞ்சு ஆன்டி-ஹெச்பிஎஸ் இன்னும் வராத இடைவெளியாவும் இருக்கலாம். இதை வீட்ல உக்காந்து தீர்க்க முடியாது, வைரஸ் டிஎன்ஏ டெஸ்ட்டோட கல்லீரல் டாக்டரைப் பாருங்க.

ஹெச்பிஎஸ்ஏஜி உறுதியா பாசிட்டிவ்னா அடுத்து பாக்க வேண்டியது ஆன்டி-ஹெச்பிசி ஐஜிஎம். அது இருந்தா பெரும்பாலும் புதுசா வந்த தொற்று. ஆறு மாசம் தாண்டியும் ஹெச்பிஎஸ்ஏஜி போகலன்னா நாள்பட்ட தொற்றுன்னு சொல்வாங்க. பெரியவங்களுக்கு வந்தா 100ல 95 பேருக்கு மேல தானா சரியாயிரும், பொறந்த சமயத்துல தொத்திக்கிட்ட கொழந்தைங்களுக்கு 90 சதவீதம் அப்படியே தங்கிரும். அதனாலதான் இன்னைக்கு நாள்பட்ட தொற்று தெரிய வர்ற பெரியவங்கள்ல நெறைய பேருக்கு அது சின்ன வயசுலயே வந்தது. "நீ என்ன தப்பு பண்ண?"ன்னு தயவுசெஞ்சு யாரும் அவங்களைக் கேக்காதீங்க.

நாள்பட்ட தொற்றுன்னா எல்லாருக்கும் உடனே மாத்திரை ஆரம்பிக்க மாட்டாங்க. வைரஸ் டிஎன்ஏ எவ்வளவு இருக்கு, ஏஎல்டி (கல்லீரல் பாதிப்பைக் காட்டற ரத்த அளவு) ஏறியிருக்கா, கல்லீரல்ல தழும்பு விழுந்திருக்கா, இதெல்லாம் பாத்துட்டுத்தான். டெனோபோவிர், என்டெகாவிர் மாதிரி மாத்திரை வைரஸை நல்லா அடக்கி வைக்கும், ஆனா நீங்களா நிறுத்தக் கூடாது, திடீர்னு நிறுத்தினா கல்லீரல் மோசமா வீங்கிப் போற ஆபத்து இருக்கு. வீட்ல இருக்கற எல்லாருக்கும் டெஸ்ட் பண்ணி, தேவைப்படறவங்களுக்கு ஊசி போட்டுருங்க. ரேசர், டூத் பிரஷ், நகவெட்டி தனித்தனியா வச்சுக்கோங்க, இந்த வைரஸ் காஞ்ச ரத்தத்துல கூட குறைஞ்சது ஏழு நாள் உயிரோட இருக்கும். ஒண்ணா சாப்பிடறது, கட்டிப் பிடிக்கறது, கொழந்தையைக் கொஞ்சறது இதனால எல்லாம் வராது. கர்ப்பமா இருக்கறவங்க பாசிட்டிவ்னா கொழந்தை பொறந்த 12 மணி நேரத்துக்குள்ள தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலினும் (தயார் நிலையில இருக்கற ஆன்டிபாடி) போடணும், அதை பிரசவத்துக்கு முன்னாடியே ஆஸ்பத்திரியில சொல்லி ஏற்பாடு பண்ணிக்கணும், அந்த நேரத்துல ஓடித் தேட முடியாது.

ரத்தம் ஏத்திக்க வேண்டி வந்தா

கேக்கறதுக்குத் தயங்காதீங்க, "ஏத்தாம சமாளிக்க முடியுமா?"ன்னு மொதல்ல கேளுங்க, இரும்புச் சத்து குடுத்தே ஹீமோகுளோபினை ஏத்தற அளவுக்கு நேரம் இருந்தா ரத்தம் தேவைப்படாமலே போகலாம். தேவைன்னா தயக்கம் வேணாம், டெஸ்ட் பண்ண ரத்தத்தால ஹெபடைடிஸ் வர்ற வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி, ரத்தம் போயிட்டு இருக்கும்போது ஏத்தாம விடறதுதான் பெரிய ஆபத்து. பையில ஒட்டியிருக்கற லேபிள்ல குரூப்பு, எக்ஸ்பைரி தேதி, டெஸ்ட் முடிஞ்ச விவரம் இருக்கும், நர்ஸ் சரி பாக்கும்போது நீங்களும் பாருங்க.

"வெளி ஆளு ரத்தம் வேணாம், சொந்தக்காரங்க ரத்தம்தான் சேஃப்"னு ஒரு நம்பிக்கை இருக்கு. அது சரியில்ல. குடும்பம் மொத்தமும் சுத்தி நிக்கும்போது ஒருத்தர் தன்னோட அந்தரங்க விஷயத்தை டாக்டர்கிட்ட ஒளிவு மறைவு இல்லாம சொல்றது கஷ்டம், மாட்டேன்னு பின்வாங்கறது அதைவிடக் கஷ்டம். அடிக்கடி தானா வந்து குடுக்கற ஒரு டோனரை ஒவ்வொரு தடவையும் டெஸ்ட் பண்ணியிருப்பாங்க, அந்த வரலாறு மொத தடவ வர்ற சொந்தக்காரருக்குக் கெடையாது. அதே மாதிரி அவசரம்னு சொல்லி டெஸ்ட் பண்ணாத ரத்தத்தை நேரா ஏத்த சொல்லிக் கேக்காதீங்க.

தலசீமியா, ஹீமோபிலியா, டயாலிசிஸ் மாதிரி அடிக்கடி ரத்தமோ ரத்தப் பொருளோ தேவைப்படறவங்க, முடிஞ்ச அளவு சீக்கிரமே தடுப்பூசி போட்டு ஆன்டி-ஹெச்பிஎஸ் வந்திருக்கான்னு பாத்துக்கணும். டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு டோஸ் பொதுவா ஜாஸ்தி தேவைப்படும், அளவு கொறையுதான்னு வருஷா வருஷம் பாப்பாங்க. அப்புறம், வயசானவங்க யாராவது ஹெபடைடிஸ் சி டெஸ்ட் வர்றதுக்கு முன்னாடி, அதாவது 1990களோட ஆரம்பத்துக்கு முன்ன ரத்தம் ஏத்திக்கிட்டிருந்தா, ஒரு தடவ ஹெபடைடிஸ் சி டெஸ்ட் பண்ணிருங்க. அதுக்கு இப்போ சில மாசத்துல குணமாக்கற மாத்திரையே இருக்கு.

ரத்தம் குடுக்கப் போறதுக்கு முன்னாடி

எவ்வளவு நல்ல டெஸ்ட்டா இருந்தாலும் அதுக்கு ஒரு குருட்டு நேரம் உண்டு. தொற்று உடம்புக்குள்ள நுழைஞ்சு ஹெச்பிஎஸ்ஏஜி ரத்தத்துல தெரிய சராசரியா நாலு வாரம் ஆகுது, சில பேருக்கு இன்னும் அதிகமாகும். நாட் டெஸ்ட் இந்த இடைவெளியைக் கொறைக்கும், பூஜ்ஜியமாக்காது. அந்த நேரத்துல ரத்தம் குடுத்தா மெஷின் நெகட்டிவ்னு சொல்லும், பை வெளிய போயிரும், அந்த ஓட்டையை அடைக்கறது கேள்வித்தாள்ல நீங்க போடற டிக் மட்டும்தான். சமீபத்துல பச்சை குத்தினது, பாதுகாப்பில்லாத உறவு, ஊசி பகிர்ந்தது, வீட்ல யாருக்காவது ஹெபடைடிஸ், இதெல்லாம் கேப்பாங்க, உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. சொன்னா வெட்கமா இருக்கும்னு தோணுச்சுன்னா அன்னைக்கு ஏதாவது காரணம் சொல்லிட்டு குடுக்காம வந்துருங்க, அதுவும் நல்ல காரியம்தான்.

எனக்கு இருக்கான்னு தெரிஞ்சுக்கலாம்னு ரத்தம் குடுக்கப் போறது மட்டும் வேணவே வேணாம். அப்படிப் போறவங்களுக்குத்தான் அந்தக் குருட்டு நேரத்துல இருக்கற வாய்ப்பு ஜாஸ்தி, அதனாலதான் இது ஆபத்து. சந்தேகம் இருந்தா லேப்ல போய் டெஸ்ட் எடுங்க, அங்க உங்க ரத்தம் டியூப்லயே முடிஞ்சிரும்.

ஹெச்பிஎஸ்ஏஜி உறுதியா பாசிட்டிவ்னு ஒரு தடவ வந்துட்டா பெரும்பாலான எடத்துல அப்புறம் ரத்தம் குடுக்க முடியாது, வேற எடத்துல போய் மறைச்சுக் குடுக்கவும் வேணாம். தப்பா ரியாக்டிவ் வந்தவங்களுக்கு மறுபடி எப்போ குடுக்கலாம்ங்கறது நாட்டுக்கு நாடு மாறும், பிளட் பேங்க்லயே கேட்டுக்கோங்க.

கடைசியா ஒண்ணு, ரத்தம் குடுத்துட்டு வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், அடர்ந்த நெறத்துல சிறுநீர், கண்ணு மஞ்சளா தெரியறது, இல்ல கூட இருக்கறவருக்கு ஹெபடைடிஸ்னு புதுசா தெரிய வர்றது, கேள்வித்தாள்ல மறைச்ச ஒரு விஷயம் உறுத்தறது, எதுவா இருந்தாலும் உடனே பிளட் பேங்க்குக்கு போன் பண்ணுங்க, கார்டுல இருக்கற நம்பரும் தானம் பண்ண தேதியும் சொன்னா போதும். சிவப்பணு பை ஃபிரிட்ஜ்ல 42 நாள் வரைக்கும் இருக்கலாம், அப்போ உங்க பை இன்னும் அங்கயே இருக்க வாய்ப்பு இருக்கு, எடுத்து ஒதுக்கிருவாங்க. பிளேட்லெட்டுக்கு ஆயுசு அஞ்சு நாள் மாதிரிதான், அதனால காலையில சொல்லிக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க. பை ஏற்கெனவே ஏத்தியாச்சுன்னாலும் யாருக்குப் போச்சுன்னு ரெஜிஸ்டரைப் பாத்து அவங்களைத் தேடிப் பிடிச்சு டெஸ்ட் பண்ணி, தேவைன்னா இம்யூனோகுளோபுலினும் ஊசியும் குடுக்க முடியும், அது எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன்.